கேட்ட பயோட்டின் வேறு, வந்த பயோட்டின் வேறு

அனுப்புநர்:
உதவிப் பேராசிரியர், உயிர்வேதியியல் துறை,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
தென்மண்டல அலுவலகம், பெங்களூரு.

நாள்: 18.09.2025

பொருள்: சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் கேட்டதற்கு, எங்களிடம் சொல்லாமல் வேறொன்றை அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

கடந்த ஜூன் 2ஆம் தேதி உங்களிடம் சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் 100 மில்லிகிராம் ஆர்டர் கொடுத்தோம். புரதங்களில் பயோட்டின் என்ற வைட்டமினை அடையாளமாக ஒட்டி, வேண்டும்போது அறுத்துவிட உதவும் பொடி அது. வரியோடு 41,300 ரூபாய். ஜூலை 12, சனிக்கிழமை மதியம், கூரியர்காரர் கல்லூரி வாசல் காவலரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திங்கள் காலை திறந்தபோது ஜெல் பேக் முழுக்க உருகியிருந்தது. என் புகார் அதைப் பற்றி அல்ல. பொடி கெட்டிருக்குமோ என்று அன்றே சோதித்துவிட்டோம். கொஞ்சம் எடுத்து அமீன் இல்லாத பஃபரில் கரைத்து 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தோம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கலக்கி மறுபடி அளந்தோம். அளவு நன்றாகவே ஏறியது. காரம் உடைக்க எஸ்டர், அதாவது புரதத்தில் ஒட்டும் முனை, மிச்சம் இருந்தால்தான் அப்படி ஏறும். எஸ்டர் உயிரோடுதான் இருந்தது. பொடி நல்ல பொடி. நாங்கள் கேட்ட பொடி இல்லை, அவ்வளவுதான்.

வெளிப்பையில் ஒட்டியிருந்த சீட்டிலும் ரசீதிலும் எங்கள் பொருளின் பெயர்தான் இருந்தது. உள்ளே இருந்த குப்பியின் கேட்லாக் எண் வேறு. அதை முதல் நாளே பார்க்காதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதை நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும். உங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவு இரண்டு முறையும் பாதியில் நிறுத்திவிட்டது.

ஹீலா செல்களின் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) மேற்பரப்பில் இருக்கும் ஈஜிஎஃப் ஏற்பி, ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தைக் கொடுத்த பிறகு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளப்பது எங்கள் ஆய்வு மாணவியின் வேலை. செல்களை ஐஸில் வைத்து, மேற்பரப்புப் புரதங்களுக்கு மட்டும் பயோட்டின் ஒட்டுகிறோம். குளிரில் எதுவும் உள்ளே போகாது. பிறகு ஈஜிஎஃப் சேர்த்து 37 டிகிரிக்குக் கொண்டுபோகிறோம். 5, 15, 30 நிமிடங்களில் எடுத்து மறுபடி ஐஸில் வைத்துக் குளூட்டாதயோன் கரைசலால் கழுவுகிறோம். குளூட்டாதயோன் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே வெளியே மிஞ்சிய பயோட்டின் மட்டும் அறுந்து போகும், உள்ளே போனவை தப்பித்துக்கொள்ளும். கடைசியில் பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய மணிகளால் பிடித்து எடுப்பது அந்தத் தப்பித்தவற்றைத்தான்.

இந்தச் சோதனை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று சல்ஃபோ: அந்த மின்னூட்டம் இருப்பதால்தான் பொடி தண்ணீரில் கரைகிறது, சவ்வைத் தாண்டாமல் வெளியே நிற்கிறது. இன்னொன்று எஸ்எஸ்: பயோட்டினுக்கும் புரதத்துக்கும் நடுவே இருக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு, குளூட்டாதயோன் வந்து அறுக்கும் இடம். பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிடி உடும்புப் பிடி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பிரித்து எடுப்பது பெரும்பாடு என்பதால்தான் நடுவில் அறுபடும் கண்ணி ஒன்றை வைத்துச் செய்கிறார்கள். அதற்காகத்தான் நாங்களும் அதை வாங்குகிறோம்.

நீங்கள் அனுப்பியது சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எல்சி-பயோட்டின். எல்சி என்றால் நடுவில் டைசல்ஃபைடு இல்லாத, அறுபடாத நீண்ட சங்கிலி. முதல் கால் இருக்கிறது. இரண்டாவது இல்லை.

முதல் சோதனையில் பூஜ்ய நிமிடத் தட்டு எங்களைத் திகைக்கவைத்தது. அதை 37 டிகிரிக்கே கொண்டுபோகவில்லை. ஒட்டி, உடனே கழுவியது. அதில் எதுவும் தெரியக் கூடாது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ப்ளாட் படத்தில், 170 கிலோடால்டனில் ஏற்பியின் பட்டை, கழுவாத தட்டில் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அடர்த்தியாக நின்றது. மாணவி என்னிடம் வந்து, "மேடம், நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது முறையும் அதே. அப்போதுதான் உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினோம். "குளூட்டாதயோன் பழையதாக இருக்கலாம், பிஹெச் சரிபாருங்கள்" என்று பதில் வந்தது. நியாயமான யோசனைதான், குளூட்டாதயோனில் அறுக்கும் வேலையைச் செய்யும் தயால் தொகுதிக்குக் காரத்தன்மை வேண்டும். புதுக் குளூட்டாதயோன் வாங்கி, 50 மில்லிமோலார் கரைசலை அன்றன்றைக்குக் கலக்கி, பிஹெச் பார்த்து, இருமுறை கழுவினோம். மூன்றாவது முறையும் பட்டை அசையவில்லை.

ஒட்டும் வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்ததுதான் எங்களை ஏமாற்றியது. எல்சியும் அதே லைசின் அமீன்களில்தான் ஒட்டும். 4 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, கிளைசின் விட்டு நிறுத்தி, ப்ளாட் போட்டுப் பார்த்தால் அழகான ஏணி மாதிரி பட்டைகள். சந்தேகம் வர இடமே இல்லை.

குட்டை உடைத்தது ஓர் எண். எங்கள் செய்முறையில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றுதான் இருக்கும். மோலார் கணக்கு போடுவதே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் மாணவி ஆய்வறிக்கைக்காக அதை மோலாரில் மாற்ற உட்கார்ந்தபோது குப்பியின் சீட்டைப் பார்த்திருக்கிறாள். மூலக்கூறு எடை 556.59. எஸ்எஸ் என்றால் 606.69 இருக்க வேண்டும். 556.59 என்பது எல்சி.

அன்று மாலையே ஒரு சோதனை செய்தோம். பயோட்டின் ஒட்டிய செல்களை உடைத்து, பாதியை டைசல்ஃபைடை அறுக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் சேர்த்துக் கொதிக்கவைத்தோம், பாதியைச் சேர்க்காமல். எஸ்எஸ் பயோட்டினாக இருந்தால் முதல் பாதியில் பயோட்டின் எல்லாம் அறுந்து, ப்ளாட்டில் பயோட்டினைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின்-ஹெச்ஆர்பிக்கு மிஞ்சுவது செல்லுக்கு இயல்பாகவே சொந்தமான சில பயோட்டின் நொதிகள்தான்: 130 கிலோடால்டன் பக்கம் பைருவேட் கார்பாக்சிலேஸ், 75 பக்கம் இன்னும் ஓரிரண்டு. எங்கள் ப்ளாட்டில் இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று. பக்கத்துத் துறை நண்பரிடம் அசல் எஸ்எஸ் பயோட்டின் 2 மில்லிகிராம் கைமாற்றாக வாங்கி, 4 மில்லிலிட்டர் கரைசல் செய்து, இரண்டு தட்டு போட்டோம். பூஜ்ய நிமிடத் தட்டு பளிச்சென்று காலி. அதே குளூட்டாதயோன், அதே கைகள்.

படங்களை இணைத்து எழுதியபோது உங்களிடமிருந்து வந்த பதில்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எங்கள் பொருள் இருப்பில் இல்லாததால் "இணையான ரீஏஜென்ட்" அனுப்பியதாகவும், நிபந்தனைகளில் அதற்கு இடம் உண்டு என்றும், இரண்டும் தண்ணீரில் கரையும், இரண்டும் அமீனில் ஒட்டும், இரண்டும் செல்லுக்குள் போகாது, பயோட்டினைப் புரதத்தோடு இணைக்கும் இடைக்கையின் நீளம் 24.3 ஆங்ஸ்ட்ராமுக்குப் பதில் 22.4, வித்தியாசம் 2 ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தொலைபேசியில் பேசிய விற்பனைப் பிரதிநிதி இன்னும் ஒரு படி மேலே போய், "எல்சி இன்னும் ஸ்டேபிள் மேடம், அறுந்துபோகாது" என்றார். அறுந்துபோக வேண்டும் தம்பி, அதற்குத்தான் வாங்கினேன் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

மாட்டுத் தொழுவத்தில் கட்டுமுடிச்சும் உண்டு, உருவிவிட்டால் கழன்றுவிடும் சுருக்கும் உண்டு. கயிறு ஒன்றுதான், நீளமும் ஒன்றுதான். அவசரத்துக்கு மாட்டை அவிழ்க்கப் போகிறவனிடம் இரண்டும் இணை என்று சொல்லிப் பாருங்கள்.

நீளத்தை வைத்து இணை பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்றும் சொல்கிறேன். சல்ஃபோ இல்லாத என்ஹெச்எஸ்-எல்சி-பயோட்டினுக்கும் இடைக்கை அதே 22.4 ஆங்ஸ்ட்ராம்தான். உங்கள் அளவுகோல்படி, நீங்கள் அனுப்பிய பொடிக்கு எஸ்எஸ்ஸைவிட அது நெருங்கிய இணை. ஆனால் அதை டிஎம்எஸ்ஓ போன்ற கரிமக் கரைப்பானில் கரைத்துத்தான் விட வேண்டும். சவ்வைத் தாண்டி உள்ளே இருக்கும் புரதங்களிலும் ஒட்டும். மேற்பரப்பை மட்டும் பார்க்கிறவருக்கு அது விஷம். அதே சமயம் குழாயில் இருக்கும் தூய ஆன்டிபாடிக்கு ஒட்டுகிறவருக்குச் சல்ஃபோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்எஸ்ஸைவிட எல்சியே அவருக்கு நல்லது, ஏனென்றால் கழன்றுவிடக் கூடாது. ஆன்டிபாடியின் ஆன்டிஜென் பிடிக்கும் இடத்திலேயே லைசின் இருந்தால் இது எதுவும் உதவாது. சிஸ்டீனில் ஒட்டும் மாலிமைடு பயோட்டினோ, சர்க்கரைப் பகுதியில் ஒட்டும் ஹைட்ரசைடோ தேட வேண்டும். எது எதற்கு இணை என்பது வாங்குகிறவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தது. கிடங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. அதனால்தான் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். இருப்பில் இல்லை என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்போம்.

உங்கள் இணையதளத்தின் தேர்வு அட்டவணையையும் பாருங்கள். எதில் ஒட்டும், எதில் கரையும், நீளம் எவ்வளவு என்று மூன்று பத்திகள். அறுபடுமா என்ற பத்தியே இல்லை. புதிதாக வேலைக்கு வரும் மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் பொருள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்களுக்கு ஆன இழப்பு: ஏறக்குறைய ஏழு வாரம், மூன்று முழுச் சோதனைகளின் சீரமும் ஈஜிஎஃப்பும் ஆன்டிபாடியும், தன் கைமேலேயே நம்பிக்கை இழந்த ஒரு மாணவி. இதற்கெல்லாம் விலை கேட்கவில்லை. கேட்பது இவைதான். நாங்கள் ஆர்டர் செய்த சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் 100 மில்லிகிராமை 15 நாளுக்குள் அனுப்புங்கள். முடியாவிட்டால் 41,300 ரூபாயைக் கல்லூரிக் கணக்குக்குத் திருப்புங்கள். "திறந்த குப்பியைத் திரும்பப் பெறுவதில்லை" என்ற விதியைக் காட்ட வேண்டாம். திறக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாதபடி மேலே வேறு பெயரை ஒட்டியது நீங்கள். அனுப்பிய குப்பியின் லாட் எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழும் வேண்டும்; தணிக்கையில் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஜூன், ஜூலையில் எஸ்எஸ் கேட்ட வேறு யாருக்கெல்லாம் இதே குப்பி போயிருக்கிறதோ, அவர்கள் எல்லோருக்கும் எழுதித் தெரிவியுங்கள். பூஜ்ய நிமிடத் தட்டு போடாத ஆய்வகம் ஒன்று இருந்தால், அவர்கள் கையில் இப்போது இருப்பது "எல்லாம் உள்ளே போய்விட்டது" என்று சொல்லும் ஒரு முடிவு. அது தவறு என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

15 நாளில் பதில் வராவிட்டால் கல்லூரிக் கொள்முதல் குழுவிலும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர், உயிர்வேதியியல் துறை

இணைப்பு: ரசீது நகல், வெளிப்பை மற்றும் குப்பிச் சீட்டுகளின் படம், ப்ளாட் படங்கள் நான்கு, உங்கள் மின்னஞ்சல்களின் நகல்.

பி.கு.: மீதிப் பொடி உலர்த்தியோடு −20 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். சரியான குப்பியை அனுப்பும்போது தயவுசெய்து சனிக்கிழமை வந்து சேரும்படி அனுப்ப வேண்டாம்.