ஷிம் முதலில், புஷ் ராடு கடைசியில்

மிச்சிகன்,
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் மருமகளுக்கு மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் போய்ப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூட பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாள். குளிர் பழகிவிட்டது என்று சொன்னால் பொய், ஆனால் பயம் போய்விட்டது. இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். இனி வருவது முழுக்க இன்ஜின் கதை, கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

போனில் நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்காவுக்குப் போயும் ஏன் பழைய இன்ஜினையே பிரிக்கிறாய்? இங்கே அதற்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது அப்பா. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு பழைய காரின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். அதனால் நவம்பர் வந்தால் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை கராஜில் போட்டு மூடிவிடுவார்கள். சும்மா நிற்கிற அந்த மாதங்களில்தான் இன்ஜினைக் கழற்றி எங்களிடம் கொண்டுவருகிறார்கள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது எங்கள் பட்டறையில் நிற்க இடம் இருக்காது.

ஆகஸ்ட் வந்தால் கதையே வேறு. டெட்ராய்டிலிருந்து வடக்கே பான்டியாக் வரை போகும் உட்வர்ட் அவென்யூவில் அந்த மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். 1995ல் தொடங்கியது. இந்த மாநிலத்தில் பழைய வண்டிகளுக்குத் தனி நம்பர் பிளேட் உண்டு. அந்தப் பிளேட் போட்ட வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம் போன்ற காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். அதனால் எங்களிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே கெடுதான்: "ஆகஸ்டுக்குள் ஓட வேண்டும்."

முதலாளிக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆரம்பத்தில் வாய் வரவில்லை, இப்போது சரளமாக வருகிறது, நீங்கள் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், டயல் கேஜ் எல்லாம் நாமே சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பட்டறையில் கொடுக்க மாட்டார்கள். என் டூல் பெட்டிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போது பெஞ்சில் இருப்பதைப் பற்றி. 1964ம் வருடத்து ஃபோர்டு கேலக்ஸி. உள்ளே 390 கன அங்குல வி8, அதாவது நாலு நாலாக இரண்டு பக்கமும் எட்டு சிலிண்டர். ஃபோர்டின் எஃப்.ஈ. என்ற இன்ஜின் குடும்பம். 1958ல் வந்து 1976 வரை தயாரான குடும்பம் இது. இதன் அண்ணன், 427 கன அங்குல இன்ஜின்தான் 1966ல் பிரான்ஸின் லெ மான்ஸ் கார் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தது. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். சில வருடங்களுக்கு முன்னால் வேறு ஒரு பட்டறையில், சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் இரும்பு ஹெட்டைக் கழற்றிவிட்டுப் புது அலுமினிய ஹெட் மாட்டியிருக்கிறார். காரணம் நியாயமானதுதான். எடை குறையும், காற்று போய்வரும் போர்ட் பெரிது, வால்வு மூடும்போது உட்காரும் சீட்டும் கடினமான தனி வளையம். பழைய இரும்பு ஹெட்டில் சீட்டை இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள், பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1996லிருந்து இங்கே ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஈயப் பெட்ரோல் கிடையாது.

புகார் என்னவென்றால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைப் பிடித்து ஆட்டினால், அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் டகடக என்று ஆடுகிறது. அதிகம் ஓடாத வண்டி, புது ஹெட், அதற்குள் கைடு போய்விட்டது. ஹெட்டைக் குறை சொல்ல முடியாது. மாட்டிய விதத்தில்தான் கோளாறு.

அம்பாசிடர் இன்ஜின் பிரித்த உங்களுக்கு இது சட்டென்று புரியும். புஷ் ராடு என்ற கம்பி ஒரு முனையைத் தள்ள, மறுமுனையால் வால்வை அமுக்கும் ஏற்றப்பலகை மாதிரியான ராக்கர்கள், அம்பாசிடரில் இருக்கிற மாதிரியே இந்த 390லும் ஷாஃப்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு நாலு ஸ்டாண்டு, அதன்மேல் ஷாஃப்ட், அதில் எட்டு ராக்கர். புது ஹெட்டில் வால்வு பழையதைவிட நீளம், அதனால் வால்வின் நுனி மேலே வந்துவிட்டது. ஸ்டாண்டு மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. ஷாஃப்ட் பள்ளத்தில் விழுந்ததுபோல் ஆகி, ராக்கரின் வால்வுப் பக்கம் வானத்தைப் பார்க்கிறது. அந்தப் பட்டறையில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? நீளம் குறைந்த புஷ் ராடு வரவழைத்து, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். சத்தம் இல்லை, வண்டி நன்றாக இழுக்கிறது, எல்லோருக்கும் திருப்தி.

ஷாஃப்டில் உட்கார்ந்த ராக்கருக்குப் புஷ் ராடு நீளத்தை எப்படி மாற்றினாலும் அந்தச் சாய்வு மாறாது. ஷாஃப்டின் உயரமும் வால்வு நுனியின் உயரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. புஷ் ராடு மாறினால் ராக்கரில் அதன் பக்கம் இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ எத்தனை மரை வெளியே நிற்கிறது என்பது மட்டும்தான் மாறும்.

என் முதலாளி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் என்ற வி8 இன்ஜினைப் பார்த்தவர். 1955ல் வந்த அந்த இன்ஜினில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில் நிற்கிறது. நீளமான புஷ் ராடு போட்டால் நட்டும் மேலே ஏற வேண்டும், அதோடு ராக்கர் திரும்பும் மையமும் ஏறிவிடும். அங்கே புஷ் ராடை வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். அந்தப் பழக்கத்தை அவர் இங்கேயும் கொண்டுவருகிறார். கூடவே ஒரு நம்பிக்கை: வால்வு நுனியில் மை தடவிச் சுற்றினால் ராக்கரின் சுவடு சரியாக நடுவில் விழ வேண்டும், விழுந்தால் எல்லாம் சரி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவடு எங்கே விழுகிறது என்பதைவிட எவ்வளவு அகலம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாதம் செய்து பயனில்லை என்று அளந்து காட்டினேன். வால்வு பாதி திறந்திருக்கும்போது, ஷாஃப்டின் மையத்திலிருந்து ராக்கர் நுனியிலிருக்கிற ரோலரின் மையத்துக்குப் போகிற கோடு வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரோலர் முதல் பாதியில் கொஞ்சம் வெளியே போய், இரண்டாம் பாதியில் அதே வழியில் திரும்பிவரும். நடக்கிற தூரம் மிகக் குறைவு. ஷாஃப்ட் கீழே இருந்தால் ரோலர் வெளியே தள்ளிக்கொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் வால்வைப் பக்கவாட்டில் இழுக்கும். கைடு தேய்வது அதனால்தான்.

தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புஷ் ராடைத் தூக்கும் கேம் 307 தௌ தூக்குகிறது, ராக்கர் 1.76 மடங்கு, ஆக வால்வில் 540 தௌ. பாதி 270. ரோலரின் விட்டம் எட்டில் மூன்று அங்குலம், ஆரம் 187 தௌ. 270லிருந்து 187 போனால் 83. அதாவது வால்வு மூடியிருக்கும்போது ஷாஃப்டின் மையம் வால்வு நுனிக்கு 83 தௌ கீழே இருக்க வேண்டும். உண்மையில் அளந்தால் 183. நூறு தௌ பள்ளம்! மெல்லிய செக்கிங் ஸ்பிரிங் போட்டு, மை தடவி, கையால் இன்ஜினைச் சுற்றினேன். சுவடு ஏறத்தாழ 45 தௌ அகலம். ஸ்டாண்டுக்கு அடியில் 100 தௌ கனமுள்ள தகடு, அதாவது ஷிம், வைத்து மறுபடி சுற்றியதும் 25க்கு வந்துவிட்டது.

இதில் எனக்கே வியப்பாக இருந்தது ஒன்று. டயல் கேஜில் பார்த்தால் வால்வு லிஃப்ட் இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணக்குப் போட்டாலும் ஓரிரு தௌவுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. சாய்வு தவறினால் பவர் குறைந்துவிடும் என்று இங்கே பலர் பேசிக்கொள்கிறார்கள். இந்த அளவுத் தவறில் அப்படி எதுவும் தெரியாது. தபால்காரருக்குச் சந்தேகமே வராமல் போனதும் அதனால்தான். கைடு மட்டும்தான் தேய்ந்துகொண்டே இருந்தது.

ஷிம் வைப்பதிலும் ஒரு சூட்சுமம். நாலு ஸ்டாண்டில் ஒன்றின் போல்ட் துவாரம் வழியாகத்தான் எண்ணெய் ஷாஃப்டுக்கு ஏறுகிறது. அந்த போல்ட்டின் உடல் மட்டும் மெலிந்திருக்கும், எண்ணெய் அதைச் சுற்றிக்கொண்டு போக. அதை வேறு ஸ்டாண்டில் மாற்றிப் போட்டாலோ, ஷிம்மின் துளை சிறிதாக இருந்தாலோ அந்தப் பக்கம் எட்டு ராக்கரும் காய்ந்து போகும். ஷாஃப்டின் இரண்டு கடைசியிலும் இருக்கிற ராக்கர்கள் ஸ்டாண்டைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகின்றன. கடினமான ஸ்பிரிங் போட்டால் அங்கே ஷாஃப்ட் வளையும். அதற்குத் தனியாக முட்டு விற்கிறார்கள், போட்டாகிவிட்டது.

அப்புறம்தான் புஷ் ராடு. ஷாஃப்டை நூறு தௌ தூக்கினோமே, புஷ் ராடும் நூறு தௌ நீளமானால் போதும் என்று முதலாளி சொன்னார். போதாது. ஷாஃப்ட் ஏறும்போது வால்வுப் பக்கம் அங்கேயே நிற்கிறது, அதனால் ராக்கர் சாய்ந்து புஷ் ராடு பக்கம் இன்னும் மேலே போய்விடுகிறது. நீளம் மாற்றக்கூடிய அளவு ராடு போட்டுப் பார்த்தால் 150க்கு மேல் கேட்கிறது. அதனால் இந்த வேலையில் புஷ் ராடு ஆர்டர் கடைசியில்தான் போக வேண்டும். ஹெட்டோடு சேர்த்துப் புஷ் ராடும் ஒரே பெட்டியில் விற்கிறார்கள், அதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம் என்பது என் எண்ணம். கேட்டலாக்கில் "மாட்டினால் போதும்" என்று போட்டிருப்பதை நம்பி ஸ்பேனரை மட்டும் எடுக்கிறார்கள், கேஜை எடுப்பதில்லை.

இந்த இன்ஜினில் புஷ் ராடு, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் துளை வழியாகத்தான் போகிறது, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேனிஃபோல்டே ஹெட்டின் ஒரு பகுதி மாதிரி. எனவே எல்லாம் முடிந்தபின் மேனிஃபோல்டை இறக்கி, ராடு துளையில் உரசுகிறதா என்று பதினாறையும் பார்க்க வேண்டும். பழைய இரும்பு மேனிஃபோல்டு என்றால் கிரேன் வேண்டும். நல்லவேளை, இதற்கு அலுமினியம்.

பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கம்ப்ரஷன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். சிலிண்டரை 30 தௌ அகலமாக்கி ரீபோர் செய்தபின் ஒரு சிலிண்டர் 810 சி.சி. ஹெட்டின் அறை 72, கேஸ்கெட் 10, பிஸ்டனுக்கு மேல் மிச்சம் 3, பிஸ்டனில் வால்வுப் பள்ளம் 8. மொத்தம் 93. இரண்டையும் கூட்டினால் 903, அதை 93ஆல் வகுத்தால் 9.7. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் இது இங்கத்திய பங்கில் கிடைக்கிற சாதாரண பெட்ரோலிலேயே தட்டாமல் ஓடும் என்று நினைக்கிறேன். களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்த்தேன். இன்டேக்கில் 80, எக்ஸாஸ்டில் 100 தௌவுக்குக் குறையக்கூடாது. இரண்டிலும் தாராளமாக இருக்கிறது. ஹெட் போல்ட்டுக்கு அடியில் கடினமான வாஷர் போட்டுவிட்டேன், இல்லையென்றால் போல்ட்டின் தலை அலுமினியத்தைக் கடைந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு விஷயம் பாக்கி. சுவடு 25 தௌவாக மெலிந்துவிட்டது, ஆனால் வால்வு நுனியின் நடுவில் இல்லை, ஷாஃப்ட் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. ராக்கரின் நீளத்தால் வருவது அது, ஷிம்மால் தீராது. விளிம்பை எட்டவில்லை என்பதால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முதலாளி இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார், கணக்கை ஒப்புக்கொண்டார், கண்ணை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. நீங்கள் அம்பாசிடர் ராக்கர்களைப் பிரித்தபோது தேய்மானம் நடுவில்தான் இருக்குமா, இல்லை ஒரு பக்கமாகவா? ஓரமாகத் தேய்ந்தும் கைடு நன்றாக இருந்த ஹெட் ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்