குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குப் புகார்கள் மாநகராட்சிக்கு அனுப்பப்பட்டன.

இனி, சதுப்பு ஓரத் திடல். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். அதை ஒட்டியுள்ள நம் திடலைப் பார்த்து ‘புதர் மண்டிக் கிடக்கிறதே’ என்பவர்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அங்கே தும்பையும் கொழிஞ்சியும் நெருஞ்சியும் பூக்கின்றன. நாம் விதைத்தவை அல்ல. மண்ணிலேயே கிடந்த விதைகள். மாசி முடியும்வரை விட்டுவைத்தால்தான் விதை முற்றி உதிரும், அடுத்த மழைக்கு முளைக்கும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரே அறுப்பு, அதுவும் பங்குனியில் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். நடைபாதையை மட்டும் மூன்றடி அகலத்துக்கு அறுத்தே வைத்திருந்தோம். சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கினோம்.

தை மாதம் நான் ஊரில் இல்லாத நான்கு நாளில், குடியரசு தினத்துக்கு நாற்காலி போட வேண்டும் என்று நம்மில் சிலர் திடல் முழுவதையும் இயந்திரத்தால் மழித்துவிட்டார்கள். எருக்கஞ்செடிகளையும் விடவில்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி எருக்கு போன்ற செடிகளின் இலையில்தான் முட்டையிடும். புழுவுக்கு அந்த இலைதான் சோறு. நான் வந்தபோது வெட்டிப்போட்ட கிளைகளில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பொறுக்கி எடுத்து, சதுப்புக் கரையில் நின்ற எருக்குகளில் விட்டேன். கேட்டால், தீர்மானமே தெரியாது என்கிறார்கள். தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு அவர்கள் வரவில்லை.

பாம்புப் பயம் நியாயமானது. இந்தப் பகுதியில் கண்ணாடி விரியன் உண்டு. ஆனால் பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது திடலோரம் கொட்டும் மீந்த சோற்றுக்காக. முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

வரவு சந்தாவும் நன்கொடையும். செலவில் பெரும்பகுதி காவலாளி சம்பளம். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. பல வீடுகளின் சந்தா நிலுவையில் இருப்பதால், திடல் வேலிக்கென ஒதுக்கிய தொகையும் சம்பளத்துக்கே போய்விட்டது.

செயற்குழுவினருக்கும் காவலாளிக்கும் நன்றி. சதுப்புப் பறவைகளான கூழைக்கடாவையும் நீலத் தாழைக்கோழியையும் ஞாயிறுதோறும் பார்த்துக் குறித்துத் தந்த நம் பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

பொறுப்பில் தொடர எனக்கு விருப்பம்தான். ஆனால் தனியாளாகக் காவல் காக்க முடியவில்லை. மார்கழி, தை இரு மாதமும் தினம் ஒருவர் திடலை ஒரு சுற்றுப் பார்த்துவர வேண்டும். வெட்டிய எருக்குகள் இப்போது தூரில் துளிர்விட்டிருக்கின்றன. பெயர் தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.

செயலாளர்