கிங் மாறிவிட்டார் என்று புலம்பும் நண்பர்களுக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கை விடாமல் படித்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். அவருடைய புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் நீங்கள் பாடும் பாட்டு எனக்கு மனப்பாடம். "தாத்தாவுக்கு இப்ப பேய்க்கதை வரலப்பா, துப்பறியும் கதைக்குப் போயிட்டாரு, எல்லாம் அந்த விபத்துக்கு அப்புறம்தான்." பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

முதலில் விபத்தை விடுங்கள். 1999 ஜூனில் சாலையோரம் நடந்துபோனவரை வேன் மோதியது, அதற்குப் பின் எழுதிய பலவற்றில் உடம்பு வலி ஒரு பாத்திரமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது, அதெல்லாம் உண்மை. ஆனால் பேயை விட்டு மனிதர்களிடம் அவர் வந்தது அதற்கு வெகு முன்பே. 1987இல் வந்த 'மிசரி'யில் பேய் எங்கே இருக்கிறது? ஒரு நர்ஸ், ஒரு கோடரி, அவ்வளவுதான். 1992இல் வந்த 'டோலோரஸ் க்ளெய்போர்ன்' அத்தியாயமே பிரிக்காமல் ஒரு வயதான அம்மா மூச்சுவிடாமல் பேசுவது.

மாறியது அவருடைய பொறுமை. 1975இல் 'சேலம்ஸ் லாட்' எழுதியவர் ரத்தக்காட்டேரியைக் கட்டவிழ்த்துவிடும் முன்னால் ஊரைக் காட்டினார். விடியலில் பால் கறப்பவர்கள், கைக்குழந்தையை அடிக்கும் இளம்தாய், ஊர்வம்பு பேசியே பொழுதைக் கழிக்கும் கிழவி. தோட்டத்து லயத்தில் யார் குடிக்கிறார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்குமே, அப்படி அந்த ஊர் நமக்குப் பழகிவிடும், அதற்கப்புறம்தான் பழகிய முகம் ஒன்று ராத்திரி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும்.

'பெட் செமட்டரி' (1983) இன்னும் கொடுமை. அப்பாவும் சின்னப் பையனும் பட்டம் விடுகிறார்கள், பையன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே இவனுக்கு ஆயுள் இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகமாக வாங்கிய என் பிரதியில், முன்பு வைத்திருந்தவர் யாரோ அந்த வரியின் கீழ் தாள் கிழியும் அளவுக்குக் கோடு போட்டிருக்கிறார்.

இப்போது 2014இன் துப்பறியும் நாவல் 'மிஸ்டர் மெர்சிடீஸ்' தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக்காக விடியுமுன்பே வரிசையில் நிற்கும் கூட்டம், குளிரில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளுக்குத் தன் ஸ்லீப்பிங் பேக்கைக் கொடுக்கும் முன்பின் தெரியாத ஒருவர். அப்புறம் பனிமூட்டத்திலிருந்து கார் வருகிறது. அந்தச் சில பக்கங்கள் அசல் பழைய கிங். அதற்குப் பிறகு? நிகழ்காலத்தில் ஓடும் சின்னச் சின்ன வாக்கியங்கள், துரத்தல், இணைய அரட்டை, மறுபடியும் துரத்தல். விறுவிறுப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி விளக்கை அணைக்க யோசித்ததில்லை.

2023இல் வந்த, ஹோலி என்ற துப்பறியும் பெண்ணின் கதையான 'ஹோலி'யைப் பற்றி உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்குண்டு. யார் அறிமுகமானாலும் தடுப்பூசி போட்டாரா, முகக்கவசம் போட்டாரா என்று ஒரு விசாரணை. கோவிட் நேரத்தில் மைசெஜாத்ரா செயலியில் ஸ்கேன் பண்ணாமல் கடைக்குள் விடாத காலத்தை நாமும்தான் கடந்து வந்தோம், கதைக்குள்ளும் அதே வரிசையில் நிற்கவேண்டுமா?

ஆனாலும் சரக்கு தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். 'மிஸ்டர் மெர்சிடீஸ்' வந்த அதே ஆண்டு நவம்பரில்தான் 'ரிவைவல்' வந்தது. ஒரு பாதிரியார், மின்சாரத்தின் மேல் அவருக்கு இருக்கும் பித்து, ஒரு பையனின் பிள்ளைப்பருவத்திலிருந்து நிதானமாக ஊறி ஊறி வரும் கதை, கடைசியில் சாவுக்கு அப்பால் இருப்பதைக் காட்டும் இடம். ஆறுதலுக்கு ஒரு வரி கிடையாது. எழுத முடியாமல் அல்ல, 1947இல் பிறந்த மனுஷர், இப்போதெல்லாம் ஹோலியோடு இருக்கப் பிடிக்கிறது, இருக்கிறார்.

எனவே ஒரே ஒரு வேண்டுகோள். புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் கையில் துப்பறியும் வரிசையைக் கொடுத்துவிட்டு, "அந்தக் காலத்து கிங் இருக்காரே" என்று பெருமூச்சு விடாதீர்கள். 'சேலம்ஸ் லாட்'டைக் கொடுங்கள், அடுத்து 'ரிவைவல்'. 'பெட் செமட்டரி' வேண்டுமென்றால் அவர்களே சௌராஸ்தாவில் தேடிக்கொள்ளட்டும், என் பிரதியை இரவல் தருவதாக இல்லை.