கிளினிக் நாளும் அரைப்பேரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் சீனி வியாதி, பிரஷர் பற்றியெல்லாம் அடிக்கடி வருகிறது, நல்லது. எனக்கு வந்திருக்கிற எம்.ஜி.யு.எஸ். என்கிற இரத்த வருத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை, அதனால்தான் நானே எழுதுகிறேன். வயது 56, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறேன்.

நாலைந்து வருஷமாகக் கை மூட்டெல்லாம் வீக்கம், காலையில் கொழுந்து கிள்ள விரல் மடங்காது. இரத்தம் சோதித்தால், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர். அளவு எப்போதும் ஏறியேதான் இருக்கும், வாதம், அழற்சி என்று மாத்திரை தந்து அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒரு இளம் டொக்டர்தான், வீக்கம் வற்றியும் இது ஏன் இறங்கவில்லை என்று யோசித்து, இரத்தத்தில் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு எழுதினார். வந்த பெயர்தான் இந்த எம்.ஜி.யு.எஸ்., அதாவது ஒரே வகைப் புரதம் இரத்தத்தில் சேர்ந்திருப்பது. அந்தப் புரதமே சிவப்பணுக்களைக் காசு அடுக்கின மாதிரி ஒட்டவைத்து ஈ.எஸ்.ஆரை ஏற்றிவிடுமாம்.

எனக்கு விளங்கின விதத்தில் சொல்கிறேன். பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது. வீ.பி. தேயிலை அப்படியில்லை, ஒரே தாய்ச்செடியில் வெட்டி நட்டது, மலை முழுக்க ஒரே இலை. நோயெதிர்ப்புப் புரதம் செய்கிற பிளாஸ்மா செல்லில் ஒன்று அப்படித் தன்னைப் போலவே பெருகி, ஒரே புரதத்தை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கான அழற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர். இது புற்றுநோய் இல்லை. வருஷத்துக்கு 100 பேரில் ஒருவருக்கு மயலோமா போன்ற புற்றுநோயாக மாறலாம், மற்றவர்களில் அநேகம் பேர் இதோடேயே இருந்து வேறு எதிலோ சாகிறார்கள். (இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும், எனக்கு அதுதான் ஆறுதல்.)

ஆனால் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் எனக்குப் புற்றுநோய் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எலும்பு மச்சை சோதனைக்கு எடுத்தது தெரிந்ததும், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் "மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எப்போ?" என்று கேட்கிறார்கள். மருந்து தரவில்லை என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒருத்தி அழுதே விட்டாள். இந்த நிலைக்கு மருந்தே தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம், கல்சியம், சிறுநீரகம் பார்த்தால் சரி.

அந்த ஒரு நாளில்தான் பிரச்சினை. விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, இருட்டின பிறகு வீடு வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அரைப்பேராவது, பாதி நாள் சம்பளமாவது போடலாமே! தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளம் பேசும்போது இதையும் பேசட்டும். அப்புறம், அந்தக் கொப்பியில் எல்லாம் ஆங்கிலம், வாயால் சொல்வது சிங்களம். என்ன வந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும் என்று தமிழில் ரெண்டு வரி எழுதித் தரக்கூடாதா? விடாத முதுகெலும்பு வலி, காரணமில்லாத களைப்பு, அடிக்கடி காய்ச்சல் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். கூடை சுமக்கிற எங்களுக்கு முதுகு வலிக்காத நாள் எது? எந்த வலிக்கு ஓடுவது என்பதை யாராவது தமிழில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்