டெர்பிக்கு முன் குதிரையைப் போய்ப் பாருங்கள்

ஐயா,

கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயங்களில் 31 வருஷம் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன் நான். பிப்ரவரி முதல் ஞாயிறு மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயம். போன டெர்பியன்று காலை நம் பேப்பரில் வந்தது நாலே வரி டிப்ஸ். முதலில் இது வரும், இரண்டாவதாக அது வரும். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

டெர்பி 2400 மீட்டர். அதில் ஓடுபவை நாலு வயசுக் குதிரைகள். அவற்றில் பல டிசம்பரில் '2000 கினீஸ்' என்ற ரேஸில் ஓடியிருக்கும். அது 1600 மீட்டர்தான். மிச்சம் 800 மீட்டருக்கு மூச்சு தாங்குமா என்பதுதான் கேள்வி. அதனால் கினீஸில் ஜெயித்தது எது என்பதைவிட, கடைசி 200 மீட்டரில் வேகம் குறையாமல் வந்தது எது என்று பார்க்கவேண்டும். அது நாலாவதாக வந்திருந்தாலும் சரி. மற்ற பல ரேஸ்களில் ஜாக்கி, சேணம் சேர்த்துச் சுமக்கும் எடை குதிரைக்குக் குதிரை மாறும். 62 கிலோ சுமந்து இரண்டாவது வந்ததும் 52 கிலோ சுமந்து ஜெயித்ததும் ஒன்றாகாது. டெர்பியில் ஆண் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எடை.

1973-ல் செக்ரடேரியட் என்ற அமெரிக்கக் குதிரை, அங்கத்திய கென்டக்கி டெர்பிக்கு முந்தின ரேஸில் மூன்றாவதாகத்தான் வந்தது. வாயில் சீழ்க்கட்டி இருந்திருக்கிறது. அடுத்து டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தின கால் மைலைவிட வேகமாக ஓடி, இரண்டு நிமிஷத்துக்குள் முடித்தது. வெறுமனே '3' என்று அச்சடித்தால் வாசகருக்கு என்ன புரியும்?

என்னிடம் பழகிய ஒரு பெண் குதிரை, முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்தால் அசையாமல் நிற்கும். பெரிய ரேஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. குளம்பில் கை வைத்தால் சூடு. ராத்திரி வைத்த ஓட்ஸில் பாதி தொட்டியிலேயே கிடந்தது. டிரெயினரிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு அதை ரேஸிலிருந்து விலக்கிவிட்டார். லாயத்துப் பக்கம் வந்தவர்களுக்கு அது அன்றைக்கே தெரியும். ஆனால் அந்த வாரம் பேப்பர்களில் அந்தக் குதிரைதான் முதல் டிப்ஸ்.

ரேஸ் அதிர்ஷ்ட ஆட்டமில்லை, திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில்தான். அந்தத் திறமைக்கு விவரம் வேண்டாமா?

டெர்பிக்கு நாலு நாள் முன்னால் உங்கள் நிருபரை விடிகாலையில் ட்ராக்குக்கு அனுப்புங்கள். கேலப் என்ற வேகப் பயிற்சி ஓட்டம் முடிந்து திரும்பும் குதிரை எவ்வளவு நேரத்தில் மூச்சு அடங்குகிறது, காலைச் சமமாக ஊன்றுகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி மூன்று ரேஸின் தூரம், எடை, தரை ஈரமா காய்ந்ததா என்று போட்டால் போதும். டிப்ஸுக்கு ஒதுக்கும் இடத்திலேயே அது அடங்கிவிடும்.

ஓய்வுபெற்ற லாடத் தொழிலாளி,
வேளச்சேரி, சென்னை.