அந்த 99-ஐ நம்பாதே

அன்புள்ள குண்டூசி,

நாலு மாசமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். முடித்துவிட்டாயா? சரி. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அவளைவிட உயரமாம். நேரில் பார்த்தால்தான் நம்புவேன்.

“நர்சிங் படிக்கிறவளுக்குத் தீயணைப்பு வண்டியில் என்னடி வேலை?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அப்போது சொல்லப் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

போன மாசம் ஒரு ராத்திரி. வீட்டுக்குள் சோபாவும் மெத்தையும் பற்றிக்கொண்டு ஒரே புகை. நான் இன்னும் பயிற்சியில் இருக்கிற தன்னார்வலர் என்பதால் உள்ளே விட மாட்டார்கள். ஹோஸைப் பிரித்துக் கொடுப்பது, உள்ளே போகிறவர்களின் காலியான மூச்சுக்காற்று சிலிண்டரை மாற்றித் தருவது, இவ்வளவுதான் என் வீரம். உள்ளே இருந்த ஒரு பெரியவரைத் தூக்கிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உடம்பில் ஒரு கொப்புளம் கூட இல்லை. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். யாரோ விரலில், ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். 99. “அருமையா இருக்காரே, சொந்தக்காரங்க வீட்டுல போய்ப் படுக்கட்டும்” என்றார் ஒருவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வாரம் முன்னால்தான் வகுப்பில் படித்தேன். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டுகிற சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்காமல் சீட் நிரம்பியிருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லும். “அண்ணே, அந்த 99-ஐ நம்பாதீங்க” என்று கத்திவிட்டேன். கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், நான் பயந்ததுதான். வெறும் காற்றில் விட்டிருந்தால் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். மாஸ்க்கில் சுமார் ஒன்றரை மணி நேரம். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நான் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

இந்தப் பக்கம் கற்றது அந்தப் பக்கமும் உதவுகிறது. தீக்காயம் பட்டவருக்கு முதல் நாள் ஏற்ற வேண்டிய டிரிப்பில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரத்தை வார்டுக்கு வந்ததிலிருந்து எண்ணக் கூடாது, தீப்பட்டதிலிருந்து எண்ண வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. சம்பவ இடத்தில் நின்று பார்த்தவளுக்கு, வண்டியில் ஏற்றுவதற்குள்ளேயே எவ்வளவு நேரம் ஓடிவிடுகிறது என்று தெரியும். அதனால் வார்டில் நான் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை மணிக்குப் பட்டது?”

பெருமை பேசியாயிற்று. இனிச் சொல்லப்போவதைத்தான் நாலு மாசமாக யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தீக்கும் முன்னால் நடந்தது. ராத்திரி முழுக்க வண்டியில் இருந்துவிட்டு, குளித்துவிட்டு அப்படியே காலை வார்டுக்குப் போனேன். ஒரு பாட்டிக்கு 6 யூனிட் இன்சுலின் என்று எழுதியிருந்தது. நான் சிரிஞ்சில் 16 ஏற்றிவைத்திருந்தேன். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், குண்டூசி! பார்த்தும் எனக்கு அது 6 என்றுதான் தெரிந்தது. இன்சுலின் என்றால் இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும், அதனால் தப்பித்தேன். சிஸ்டர் சிரிஞ்சைப் பார்த்தார். திட்டவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எப்போ தூங்கினே?” என்றார். எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே கேப்டனிடம் போய், வார்டு இருக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி வர மாட்டேன் என்றேன். கெஞ்சுவார் என்று நினைத்தேன். “தூங்காத ஆள் எனக்கும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கொஞ்சம் வருத்தமாகக் கூட இருந்தது, போ.

ஒன்றை விட்டுவிடு என்றுதான் நீ எழுதுவாய். எதை விடுவது? படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அதுவரை வாரத்துக்கு இரண்டு ராத்திரி மட்டும் என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் பயம் இருக்கிறது. தீயணைப்பு வேலையே புற்றுநோய் வரவைக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-இல் அறிவித்துவிட்டது. ஆரம்பத்தில் உடுப்பில் கரி படிந்திருந்தால் பெருமையாக இருக்கும். இப்போது இறங்கியதும் முதல் வேலை அதைக் கழற்றித் துவைக்கப் போடுவதுதான். வீட்டுப் பக்கமே கொண்டுவருவதில்லை.

கொண்டுவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவைப் பார்த்தால் எதையும் உளறிவைக்காதே. நான் நிலையத்தில் ரிஜிஸ்டர் எழுதுகிறேன் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

உன்,
கரிச்சட்டி