142 வாட்டைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டிரையத்லான் போட்டிக்கான உன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயிற்சியின் பவர் மீட்டர் கோப்போடு நீ எழுதியிருந்த வரியைப் படித்தேன். "அப்பா, நாலு வாரத்தில் எட்டு வாட் குறைந்துவிட்டேன். இவ்வளவு உழைப்பும் எங்கே போனது?" என்று கேட்டிருந்தாய். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து வைத்து நேற்று மாலை முழுக்கப் பார்த்தேன். நீ பலவீனமாகிவிட்டாய் என்பதற்கு இந்த எண்களில் சான்று எதுவும் இல்லை. நீ பயப்படும் அந்தச் சராசரி 142 வாட் உன் பயணத்தில் நடந்ததை மறைக்கிறது.

முதலில் அந்தச் சராசரியைப் பார்ப்போம். இரண்டு நாளும் 5 மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறாய். நாலு வாரத்துக்கு முன் சராசரி 150 வாட், நார்மலைஸ்டு பவர் 154. இந்த ஞாயிறு சராசரி 142, நார்மலைஸ்டு பவர் 163. ஒன்று இறங்கியிருக்கிறது, மற்றது ஏறியிருக்கிறது. நீ இறங்கியதை மட்டும் பார்த்திருக்கிறாய்.

சராசரி என்பது மொத்தத்தைக் கூட்டி நேரத்தால் வகுப்பது. இறக்கத்தில் நீ மிதிக்காமல் உருண்டு போன நேரமெல்லாம் அதில் பூஜ்யமாகச் சேரும். ஆனால் உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. மேட்டில் 300 வாட்டில் மிதித்த ஒரு நிமிடத்தின் களைப்பை, இறக்கத்தில் சும்மா இருந்த ஒரு நிமிடம் அழித்துவிடாது. ஆண்ட்ரூ காகன் நார்மலைஸ்டு பவர் என்ற கணக்கை உருவாக்கியது இதற்காகத்தான். 30 விநாடிக்கான நகரும் சராசரியை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் காண்பார்கள். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் 100 வாட், பாதி நேரம் 300 வாட் மிதித்தால் சராசரி 200தான். இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 253 வரும். கடுமையாக மிதித்த நேரத்துக்கு அத்தனை கனம்.

உன் வரைபடத்திலும் அதுதான் தெரிகிறது. அன்றைக்கு மேடு பள்ளமான பாதை. ஒவ்வொரு ஏற்றத்திலும் 280, 290 என்று எழும்பியிருக்கிறாய், ஒவ்வொரு இறக்கத்திலும் கால்களை நிறுத்தியிருக்கிறாய். உன் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்ச வாட், 220 என்று வைத்தால் நார்மலைஸ்டு பவர் முதல் பயணத்தில் அதில் 70 சதவீதம், இந்த ஞாயிறு 74 சதவீதம். பயிற்சியின் மொத்தச் சுமையைக் காட்டும் டிஎஸ்எஸ் 245லிருந்து 274 ஆகியிருக்கிறது. அதாவது போன தடவையைவிடக் கடினமாக உழைத்துவிட்டு, குறைவாக உழைத்ததாக நினைத்து வருத்தப்படுகிறாய்.

அப்புறம் இதயத்துடிப்பு. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. வாட் என்பது நீ பெடலில் கொடுத்தது. அதைக் கொடுக்க உன் உடம்பு எவ்வளவு செலவு செய்தது என்பது பவர் மீட்டருக்குத் தெரியாது. நாலு வாரத்துக்கு முன் இரண்டு பாதியிலும் நார்மலைஸ்டு பவர் 154 வாட், துடிப்பு 136லிருந்து 141. வாட்டைத் துடிப்பால் வகுத்துப் பார்த்தால் சரிவு மூன்றரை சதவீதம். இந்த ஞாயிறு முதல் பாதியில் 165 வாட்டுக்கு 138, இரண்டாம் பாதியில் 161 வாட்டுக்கு 148. சரிவு 9 சதவீதம். நீண்ட, சீரான பயிற்சியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். மேடு பள்ளப் பாதையில் இந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. வெயில், தண்ணீர் குறைவு, தூக்கமின்மை எல்லாமே துடிப்பை ஏற்றும், ஆகவே இந்த ஒன்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதே. முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்? அதை எங்கும் நீ எழுதவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்த 220 எங்கிருந்து வந்தது? வீட்டுக்குள் சைக்கிளைப் பொருத்தி மிதிக்கும் ட்ரெய்னர் கருவியில் 20 நிமிடச் சோதனை செய்து, 232 வாட் வந்து, அதில் 95 சதவீதம் எடுத்தாய். சரி. அந்த 20 நிமிடத்துக்கு முன் 5 நிமிடம் முழு மூச்சில் மிதித்தாயா? சோதனையின் முறையே அதுதான். அதைச் செய்யாமல் புத்துணர்ச்சியோடு ஆரம்பித்தால் எண் பெரிதாக வந்துவிடும். மேலும் சோதனையில் அளந்தது ட்ரெய்னர், சாலையில் அளப்பது உன் இடது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், இருக்கும் மீட்டர். அது இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுவது. உன் வலது கால் சற்று வலுவானதாக இருந்தால் சாலையில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். ஒரு தராசில் நிறுத்ததை இன்னொரு தராசில் நிறுத்ததோடு ஒப்பிடக்கூடாதும்மா. அடுத்த சோதனையைக் கிராங்க் மீட்டரை வைத்தே செய். ஒவ்வொரு தடவையும் சைக்கிளை வெளியே கொண்டுவந்து, மீட்டர் வெளி வெப்பநிலைக்கு வரும்வரை பத்து நிமிடம் விட்டு, அப்புறம் பூஜ்யம் சரிசெய்துவிட்டுக் கிளம்பு. உள்ளே இருக்கும் உலோகம் வெப்பத்துக்கும் குளிருக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும், அளவும் கூடவே நகரும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் உண்டு. நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம் என்று என் முதல் முழுதூரப் போட்டியன்று தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாயே, நினைவிருக்கிறதா? அப்போது என் எஃப்டிபி 230. 160 வாட்டில் போவதாகத்தான் திட்டம். தண்ணீரிலிருந்து வந்து சைக்கிளில் ஏறியதும் கால்கள் லேசாக இருந்தன. 185 காட்டியது, எனக்குக் கஷ்டமே தெரியவில்லை. முதல் 90 கிலோமீட்டரை அப்படியே ஓட்டினேன். 180 முடிந்து இறங்கியபோது என் வாழ்நாளிலேயே சிறந்த சைக்கிள் நேரம் அது. ஓட்டத்தில் 18ஆவது கிலோமீட்டரிலிருந்து நடந்தேன். உன்னைக் கடந்தபோது நீ என் பெயர் சொல்லிக் கத்தினாய், கையைத் தூக்கக்கூட என்னால் முடியவில்லை. மீதி 24 கிலோமீட்டரும் அந்த 185தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கைப் பார். சமதரையில் காற்றுதான் பெரிய எதிரி. அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் கூடுதலாக மிதித்தால் வேகம் 3 சதவீதம்தான் கூடும். 6 மணி நேரச் சைக்கிளில் அது 11 நிமிடம். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டியவள் 11 நிமிடத்தில் நடந்தால், மூன்றே கிலோமீட்டரில் அந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

ஆகவே உன் போட்டிக்கு நான் நினைப்பது 150லிருந்து 155 வரை. 220இல் 70 சதவீதம் 154. ஏற்றத்தில் 175 வரை போகலாம், அங்கே வேகம் குறைவு, காற்றின் தடையும் குறைவு, கூடுதல் வாட்டுக்குப் பலன் உண்டு. 200ஐப் பார்த்தால் உடனே கியரைக் குறை. இறக்கத்தில் வேகம் வந்ததும் குனிந்துகொண்டு உருளு, அங்கே மிதிப்பதில் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம்.

சாப்பாட்டுக்கும் இந்த எண்ணே உதவும். சராசரி 150 வாட்டில் 6 மணி நேரம் என்றால் 3240 கிலோஜூல் வேலை. உடம்பு எரிப்பதில் நாலில் ஒரு பங்கு அளவுதான் பெடலுக்கு வரும், ஒரு கிலோகலோரியும் நாலு கிலோஜூலுக்குச் சற்று மேல். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால் எரிந்த கிலோகலோரியும் சுமார் 3200 என்றே வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 70 கிராம் மாவுச்சத்து எடுத்தால் 6 மணி நேரத்தில் வருவது 1680 கிலோகலோரி. மிச்சம் உன் கொழுப்பிலிருந்தும் தசைகளின் மாவுச்சத்துச் சேமிப்பிலிருந்தும் போகும். மிதிக்கும் கடுமை கூடக்கூட அந்தச் சேமிப்புதான் வேகமாகக் கரையும், அதுதான் 42 கிலோமீட்டருக்கும் வேண்டும். இந்த ஞாயிறு எத்தனை மாவுச்சத்து ஜெல் எடுத்தாய் என்று எழுது.

வரும் ஞாயிறு சமதரைப் பாதையாகப் பார்த்து 4 மணி நேரம் 150 வாட்டில் ஓட்டு. இறங்கியதும் 40 நிமிடம் ஓடு, போட்டி வேகத்தில். அந்த ஓட்டம் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் 150 சரியா, 145 ஆக்குவதா என்று முடிவு செய்ய வேண்டும். முடிந்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, கால்கள் எப்படி இருந்தன, எப்போது கனக்க ஆரம்பித்தது, வயிறு எப்படி இருந்தது என்று இரண்டு வரி கையால் எழுதிவிடு. கோப்போடு அதையும் எனக்கு அனுப்பு, அதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா